ஆர்டர் வற்றும் மாதங்களில் தையல் லைனைக் காப்பது: நான்கு வழிகளும் அவற்றின் கணக்கும்

2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. அதே மாதம் 27ஆம் தேதி அது 50 சதவீதமானது. அமெரிக்க பையர்களை நம்பியிருந்த திருப்பூர் யூனிட்களுக்கு இது இரட்டைச் சிக்கல். 27க்கு முன் கப்பலேற்றிவிட வேண்டும் என்று முதலில் ஒன்றரை ஷிப்டுக்கும் மேலாக ஓட்டம். அது முடிந்ததும் கட்டிங் டேபிளில் துணி இல்லை. ஆள் போதவில்லை என்ற பேச்சு அடங்குவதற்குள் ஆள் அதிகம் என்ற பேச்சு வந்துவிட்டது.

திருப்பூருக்கு நெருக்கடி புதிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஆர்டர் இருந்தது, துணிக்குச் சாயம் போட இடமில்லை. 2021-22இல் ஆர்டரும் சாயமும் இருந்தன, நூல் விலைதான் மாதாமாதம் ஏறியது. ஒவ்வொன்றிலும் ஆட்களை நடத்தும் விதம் வேறாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான யூனிட்களில் எப்போதும் நடப்பது ஒன்றுதான்: யாரிடமும் எதுவும் சொல்லாமல் பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) வரத்தைக் குறைத்து, பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில்) உள்ள டைலரை மெஷின் முன்னால் சும்மா உட்கார வைப்பது. பதிவேட்டில் அவர் வேலைக்கு வந்திருக்கிறார், சனிக்கிழமை கையில் காசு இல்லை. இதை ஒரு வழியாகவே இக்கட்டுரை எண்ணவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜரும் யூனிட் உரிமையாளரும் உண்மையில் தேர்ந்தெடுக்கக்கூடிய நான்கு வழிகள் வேறு: வாரத்தில் வேலை நாட்களை எல்லோருக்கும் குறைப்பது, லைன்களை (ஆடையை அடுத்தடுத்துத் தைக்கும் மெஷின் வரிசைகளை) சுழற்சி முறையில் லே-ஆஃபில், அதாவது வேலை இல்லாத நாளுக்குப் பாதிக் கூலியோடு, நிறுத்துவது, லாபமில்லாத ஆர்டரை எடுத்து ஓட்டுவது, ஆட்குறைப்பு செய்வது.

முதலில் கையில் எத்தனை வார வேலை இருக்கிறது என்று தெரிய வேண்டும்

கணக்கு போட ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு லைன், லைனுக்கு 30 பேர், ஆக 120 பேர். ஒரு லைன் நாளைக்கு 900 சாதா டி-ஷர்ட் தைக்கும். நான்கும் சேர்ந்து 3,600. எட்டு மணி நேர ஷிப்டுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விகிதத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

பையரோடு ஆர்டர் விஷயங்களைப் பேசும் மெர்ச்சண்டைசரிடம் உறுதியான பர்ச்சேஸ் ஆர்டர்களை மட்டும் கேட்டு வாங்குங்கள். அது 64,800 பீஸ் என்றால் 18 வேலை நாள், சரியாக மூன்று வாரம். "பையர் கொடுப்பதாகச் சொன்னார்", "சாம்பிள் பிடித்திருக்கிறதாம்" என்பவை இந்தப் பட்டியலில் வரக்கூடாது. ஆர்டர் வந்தும் சாம்பிள் அப்ரூவலுக்குக் காத்திருப்பவற்றைத் தனி வரிசையில் எழுதுங்கள். கணக்கு தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: நம்பிக்கையையும் ஆர்டரையும் ஒரே தாளில் கூட்டிவிடுகிறார்கள், மூன்று வாரம் ஆறு வாரமாகத் தெரிகிறது, எடுக்க வேண்டிய முடிவு ஒரு மாதம் தள்ளிப்போகிறது.

இந்த யூனிட்டுக்கு ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று வைப்போம். அதாவது, இனி நாளொன்றுக்குச் சராசரியாக 2,400 பீஸ் வேலைதான்.

மிகைநேரம் நின்றாலே பாதி அடி விழுந்துவிடும்

நான்கு வழிகளுக்கும் முன்பாக எல்லா யூனிட்டிலும் முதலில் நிற்பது மிகைநேரம். இதைக் குறைப்பாகவே மேனேஜர்கள் எண்ணுவதில்லை. தொழிலாளி வீட்டில் நிலைமை வேறு. வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்பது ஷிப்ட் கூலி. ஆறு ஷிப்டாக இறங்கும்போது, மிகைநேரத்துக்கு ஒற்றைக் கூலி கொடுக்கும் இடத்திலேயே ரூ.4,500 என்பது ரூ.3,000 ஆகிவிடுகிறது. சட்டம் சொல்வது இரட்டைக் கூலி. அதை ஒழுங்காகக் கொடுத்த இடத்தில் இறக்கம் இன்னும் பெரிது. வீட்டு வாடகை, குழுக் கடன், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஒன்பது ஷிப்டை வைத்துத்தான் பேசி முடிக்கப்பட்டிருக்கும். ஆகவே அடுத்த கட்டக் குறைப்பை அறிவிக்கும்போது, இவர்கள் ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கை இழந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துத்தான் பேச வேண்டும்.

நாட்குறைப்பும் சுழற்சி லே-ஆஃபும்: செலவு ஒன்று, விளைவு வேறு

மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) உள்ள, ஓராண்டுத் தொடர் பணி முடித்த தொழிலாளிக்கு வேலை கொடுக்க முடியாத நாள் சட்டப்படி லே-ஆஃப் நாள். 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் அந்த நாளுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் பாதியைக் கொடுக்க வேண்டும். வார விடுமுறைக்கு மட்டும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 240 நாள் வேலை இருந்தால் அது ஓராண்டுத் தொடர் பணி.

எல்லோருக்கும் வாரம் நான்கு நாள் வேலை, இரண்டு நாள் லே-ஆஃப் என்றால் ஒருவருக்கு ரூ.2,000 கூலியும் ரூ.500 ஈட்டுத்தொகையும், ஆக ரூ.2,500. யூனிட்டுக்கு வாரச் செலவு 120 × 2 × 250 = ரூ.60,000. வாரத்துக்கு 40 பேரை முழுதாக நிறுத்திச் சுழற்றினாலும் 40 × 6 × 250 = அதே ரூ.60,000. மூன்று வாரச் சுற்றில் தொழிலாளிக்கு 3,000 + 3,000 + 1,500, சராசரி அதே ரூ.2,500. கணக்கில் இரண்டும் சமம் என்பதால், தளத்தில் எது நன்றாக ஓடும் என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தளத்தில் நாட்குறைப்புதான் பல இடங்களில் நன்றாக ஓடுகிறது. லைன் கலைவதில்லை. ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் என்று வெவ்வேறு தையல் மெஷின்களில் வரிசையாகப் போகும் ஓட்டத்தில் ஒவ்வொரு லைனிலும் 10 பேரைப் பொறுக்கி நிறுத்தினால், மீதி 20 பேரால் மூன்றில் இரண்டு பங்கு பீஸ் வராது. நெக் வைக்கும் ஒருவர் இல்லாத இடத்தில் மொத்த லைனும் காத்திருக்கும். நாலு நாள் வேலையில் இந்தச் சிக்கல் இல்லை. கேன்டீன், வேன், கம்ப்ரஸர், அயர்ன் பாய்லர் எல்லாம் இரண்டு நாள் முழுதாக நிற்கும். இன்னொரு முக்கியமான காரணம்: ஒரு வாரம் சும்மா இருக்கும் நல்ல ஃபிளாட்லாக் டைலர், அந்த வாரமே பக்கத்து கம்பெனியில் உட்காருவார். அங்கே வேலை பழகிவிட்டால் திரும்பி வரமாட்டார். இரண்டு நாள் இடைவெளியில் அந்த ஆபத்து குறைவு.

அப்படி எடுத்தால் வேலை நாட்களைப் புதன் முதல் சனி வரை வையுங்கள். சம்பள நாளான சனிக்கிழமை வேலை நாளாகவே இருக்கும். சம்பளம் வாங்கிய மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுப்பு என்பதால் தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போய் வரலாம்.

சுழற்சி மேலானதாக இருக்கும் சூழல்களும் உண்டு. ஷிப்மென்ட் தேதி நெருக்கமாக இருக்கும் ஆர்டர் கையில் இருந்தால், வாரம் நான்கு நாள் என்பது அந்த ஆர்டரையும் இழுத்துவிடும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு ஏர் ஃபிரைட்டில் அனுப்ப நேர்ந்தால், மிச்சம் பிடித்த ரூ.60,000 எந்த மூலைக்கும் காணாது. அப்போது அந்த ஆர்டர் ஓடும் லைன்களை ஆறு நாளும் ஓட்டி, மற்ற லைன்களைச் சுழற்றலாம். சாயப்பட்டறை நின்றதுபோல் துணி வரத்தே தடைபடும் காலத்திலும் சுழற்சிதான் பொருந்தும்: முதலில் கட்டிங் நிற்கும், சில நாள் கழித்துத் தையல், அதற்கும் பின்னால் செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லாரையும் ஒரே நாளில் நிறுத்துவதற்குப் பதில் துறைவாரியாகத் தள்ளி நிறுத்தினால் முடிக்க வேண்டிய பீஸ் முடிந்து வெளியேறும். சுழற்றும்போது ஆளைப் பொறுக்காமல் முழு லைனாகவே சுழற்றுங்கள். சூப்பர்வைசருக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்ற பேச்சுக்கும் அப்போது இடமில்லை.

இரண்டிலும் பொதுவாகத் தவறுவது பதிவேடு. லே-ஆஃப் நாளை "லீவு" என்றோ "ஆப்சென்ட்" என்றோ எழுதிவிடுகிறார்கள். இதனால் தொழிலாளிக்கு மூன்று இடத்தில் நஷ்டம். பாதிக் கூலி போகிறது. தொடர் பணிக்கான 240 நாள் கணக்கு உடைகிறது. முறையாகப் பதிந்த லே-ஆஃப் நாட்கள் அந்தக் கணக்கில் சேரும். மூன்றாவது, பலரும் கவனிக்காத இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு). ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற ஒவ்வோர் அரையாண்டிலும் 78 நாள் சந்தா இருந்தால்தான் நோய்க்காலப் பலன் கிடைக்கும். 26 வாரத்துக்கு வாரம் மூன்று நாள் என்றால் சரியாக 78. அதற்குக் கீழே இறங்கிய வேலை நாட்களும் பதியப்படாத லே-ஆஃபும் சேர்ந்தால், காய்ச்சலில் படுத்த பெண் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டிய 70 சதவீதச் சம்பளம் இல்லாமல் போகும். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் லே-ஆஃப் தொகையையும் ஊதியமாகவே எண்ணியது. அதைச் சரியான தலைப்பில் எழுதிச் சந்தா கட்டுவதுதான் ஆட்களுக்குப் பாதுகாப்பு.

வேலை நேரம், ஷிப்ட் முறை மாறும்போது 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொழிற்சங்கத்தோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு மாற்றினால் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. லே-ஆஃப் 12 மாதத்தில் 45 நாளைத் தாண்டினால், ஒப்பந்தம் இருக்கும் பட்சத்தில் அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு ஈட்டுத்தொகை கொடுக்காமல் இருக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. வாரம் இரண்டு நாள் என்றால் 45 நாள் தீர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நிலைமை தெளியவில்லை என்றால் இந்த வழியைப் பற்றி மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

லாபமில்லாத ஆர்டர்: எவ்வளவு வரை இறங்கலாம்?

உள்நாட்டு பிராண்டுக்கோ ஐரோப்பிய பையருக்கோ அடக்க விலைக்குத் தைத்துக் கொடுத்தாவது லைனை ஓட்டலாமா என்ற கேள்விக்கு "ஆள் சும்மா இருக்கக்கூடாது" என்பது விடையாகாது. விடையைத் தரும் எண் ஒன்று உண்டு. ஆளை நிறுத்தினால் எப்படியும் தலைக்கு ரூ.250 போகிறது. 30 பேர் லைனுக்கு நாளைக்கு ரூ.7,500, 900 பீஸுக்குப் பங்கிட்டால் பீஸுக்கு ரூ.8.33. துணி, டிரிம்ஸ் (லேபிள், பட்டன் போன்றவை), கூலி, மின்சாரம் எல்லாம் சேர்ந்த நேரடிச் செலவுக்குக் கீழே பீஸுக்கு ரூ.8 வரை போனாலும் லே-ஆஃபைவிட நஷ்டம் கூடாது. தொழிலாளிக்கோ முழுக் கூலி கிடைக்கிறது. அதற்குக் கீழே போனால் நிறுத்துவதே மேல்.

ஆனால் 900 பீஸ் என்பது பழகிய ஸ்டைலில். புது ஸ்டைல் ஏறும் முதல் வாரத்தில் 500, 600தான் வரும். ஃபோல்டர் மாற்ற வேண்டும், ஊசி நம்பர் மாறும், செக்கிங்கில் டேமேஜ் கூடும். 2,000 பீஸ் கொண்ட குட்டி ஆர்டர் வேகம் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். ஆகவே ஒரே ஸ்டைலில் ஒரு லைனுக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமல், சுமார் 10,000 பீஸ் இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கு நிற்கும்.

அடுத்தது பணம் வரும் நாள். உள்நாட்டு வியாபாரத்தில் 90 நாள் கடன் சாதாரணம். கூலி சனிக்கிழமை போகிறது, நூலுக்கு முன்பணம் போகிறது, காசு மூன்று மாதம் கழித்து வருகிறது. குறு, சிறு நிறுவனப் பதிவு வைத்திருக்கும் யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தராத பையர், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில்தான் கழிக்க முடியும். விலை பேசும்போதே இதை எடுத்து வைக்கலாம். நூல் விலை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இந்த வழியைத் தொடவே கூடாது. இன்று எட்டு ரூபாய் நஷ்டம் என்று எண்ணி எடுத்த ஆர்டர், துணி உள்ளே வரும்போது இருபது ரூபாய் நஷ்டமாக நிற்கும். வரியால் ஆர்டர் குறைந்து நூல் விலை அசையாமல் இருக்கும் காலத்தில் எடுக்கலாம், அதுவும் நான்கு லைனில் ஒன்றிரண்டுக்கு மட்டும்.

ஆட்குறைப்பு: கடைசி வழி, செய்தால் ஒரே முறை

நான்கு ஆண்டு வேலை பார்த்த ஒருவரை நீக்கும்போது ஆண்டுக்கு 15 நாள் வீதம் 60 நாள் கூலி ரூ.30,000. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம், 26 நாளுக்கு ரூ.13,000. புதிய சட்டத் தொகுப்பின்படி மறுதிறன் பயிற்சி நிதிக்கு 15 நாள் கூலி ரூ.7,500. ஆக ரூ.50,500. 40 பேருக்கு ரூ.20,20,000. ஐந்தாண்டு கடந்தவர்களுக்குப் பணிக்கொடை இதற்கு மேல் தனி.

இதை வாரம் ரூ.60,000 என்ற லே-ஆஃப் செலவால் வகுத்தால் 33 வாரத்துக்கு மேல் வரும். ஆர்டர் ஏழெட்டு மாதத்துக்குள் திரும்பும் வாய்ப்பு இருக்கும்வரை, பணக் கணக்கிலேயே ஆட்குறைப்பு தோற்கிறது. திரும்பவும் ஆள் தேடும் செலவு, புது டைலர் பழைய வேகத்துக்கு வர எடுக்கும் வாரங்கள், அதுவரை வரும் டேமேஜ் எதையும் இதில் சேர்க்கவில்லை. முன்பு 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலைக்குத் தேவைப்பட்ட அரசின் முன் அனுமதி இப்போது 300 பேரிலிருந்துதான் தேவை. அனுமதி வேண்டாம் என்பதாலேயே ஆட்குறைப்பு மலிவாகிவிடாது.

அமெரிக்க பையர் வேறு நாட்டுக்கே போய்விட்டார், அந்த நான்காவது லைனுக்கு ஓராண்டில் வேலை வராது என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். வந்தால் ஒரே முறையில் முடியுங்கள். இந்த மாதம் பத்து, அடுத்த மாதம் பத்து என்று போனால் மீதி இருப்பவர்களில் கைத்திறன் உள்ளவர்கள் முதலில் கிளம்புவார்கள், வேறு இடம் கிடைக்காதவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. அந்தந்தப் பிரிவுக்குள், பணிமூப்புப் பட்டியலை வெளிப்படையாக ஒட்டி. விலகிச் செய்வதானால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கணக்கை இரண்டு வேலை நாளில் முடித்துப் பணம் கொடுக்க வேண்டும். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை அன்றே ஏற்றிவிடுங்கள். அதைப் போடாமல் விட்டால் அவர் தன் பணத்தைத் தொட மாதக்கணக்கில் அலைய நேரும். இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தோருக்கான அடல் திட்டம், தகுதி உள்ளவருக்குச் சராசரி நாள் வருமானத்தில் பாதியை 90 நாள் வரை தருகிறது. திட்டத்தின் காலம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவதால் கிளை அலுவலகத்தில் கேட்டு, படிவத்தை நிரப்பிக் கொடுத்தே அனுப்புங்கள்.

கான்ட்ராக்ட் மூலம் வந்த ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே விடப்படுகிறார்கள். கான்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் போனால் முதன்மை நிறுவனமான உங்கள் யூனிட்தான் பொறுப்பு. ஹாஸ்டல் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் லே-ஆஃப் நாளில் நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சேராத கொடுமை. தொழில் நோக்கில் பார்த்தாலும் தவறு: இரண்டு நாள் ரயிலேறி ஊர் போனவர் அடுத்த பண்டிகைக்குப் பிறகுதான் வருவார்.

முன்கூட்டிச் சொல்வதா, முடிவானதும் சொல்வதா

எந்த வழியை எடுத்தாலும் இந்தத் தேர்வு கூடவே வரும். சொன்னால் டைலர் ஓடிவிடுவார் என்பது உரிமையாளர்களின் பயம். ஆனால் துணி லாரி வராததை முதலில் பார்ப்பவர் இறக்கும் ஆள். அன்று இரவே ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும். நீங்கள் வாய் திறக்கும் முன்னரே கேள்விப்பட்டவர், கம்பெனி மூடப்போகிறது என்று எண்ணிக்கொள்கிறார். முன்கூட்டிச் சொல்வதே சரி, ஆனால் தெரிந்ததை மட்டும்.

லைன் சூப்பர்வைசர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் வெள்ளி மாலையே சொல்லிவிடுங்கள். தளத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட சூப்பர்வைசர், கேள்வி வரும்போது கையை விரிப்பார். சனிக்கிழமை சம்பளத்துக்கு முன் மெஷினை நிறுத்தி, லைன் நடுவே நின்று, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல ஆள் வைத்து, இப்படிப் பேசலாம்: "கையில் உள்ள ஆர்டர் மூன்று வாரம் ஓடும். அதற்குப் பின் உறுதியான ஆர்டர் இன்னும் இல்லை, இரண்டு பையரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். சங்கத்தோடு பேசி முடித்தபடி புதன் முதல் சனி வரை வேலை, மற்ற இரண்டு நாளுக்குப் பாதிக் கூலி. நான்காவது சனிக்கிழமை இதே இடத்தில் மறுபடி சொல்கிறோம்." பையர் பெயர் வேண்டாம். "பத்து நாளில் சரியாகிவிடும்" என்று ஒருபோதும் வேண்டாம். பதினோராவது நாள் அந்த வார்த்தையோடு உங்கள் அடுத்த வார்த்தையும் செல்லாததாகிவிடும். நான்காவது சனிக்கிழமை சொல்ல எதுவும் இல்லை என்றாலும் நின்று அதையே சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட்-அக்டோபரில் இந்தப் பேச்சு நடந்தால் முதல் கேள்வி தீபாவளி போனஸ். வரம்புக்குள் சம்பளம் வாங்குபவருக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், நிலைபெற்ற நிறுவனத்தில் அந்த ஆண்டு நஷ்டம் என்றாலும் கொடுக்க வேண்டும். எவ்வளவு, எந்தத் தேதி என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டால் மற்றதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எதை எடுப்பது?

ஒரு மாதத்துக்குள் தீரும் இடைவெளி என்றால் மிகைநேரத்தை நிறுத்தி, விருப்பமுள்ளவர்களுக்குச் சேர்ந்திருக்கும் சம்பளத்தோடு கூடிய விடுப்பைக் கொடுத்து, மெஷின் சர்வீஸை முடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஐந்து மாதம் வரை எங்கள் பரிந்துரை புதன்-சனி நாட்குறைப்பு, பதிவேட்டில் லே-ஆஃப் என்றே எழுதி. கணக்குக்கு உட்பட்ட பெரிய ஆர்டர் கிடைத்தால் ஒரு லைனை அதற்கு ஒதுக்கி. அந்த லைனுக்கு முழுக் கூலி கிடைப்பதால் யார் அதில் உட்காருவது என்பதில் மனக்கசப்பு வரும். ஆர்டருக்கு ஆர்டர் லைனை மாற்றினால் அது அடங்கும், வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

காலி நாட்களில் விருப்பப்பட்டு வருபவர்களுக்கு இரண்டாவது மெஷின் பழக்குங்கள்: ஓவர்லாக் மட்டும் தெரிந்தவருக்கு ஃபிளாட்லாக், கைமடியில் (டைலருக்கு உதவும் வேலையில்) உள்ள பெண்ணுக்கு சிங்கர். அந்த நாளுக்குப் பாதிக் கூலிக்குப் பதில் முழுக் கூலி கொடுத்துவிடுங்கள், தலைக்கு ரூ.250தான் கூடுதல். ஆர்டர் திரும்பும்போது முதலில் ஆறு நாள் வேலையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அது நிரம்பிய பிறகே மிகைநேரத்தைத் தொட வேண்டும். ஒரு லைனுக்கு ஒன்றரை ஷிப்டும் பக்கத்து லைனுக்கு நான்கு நாளும் என்று ஒரு வாரம் ஓடினாலும், இத்தனை மாதம் பொறுத்திருந்தவர்கள் அந்த வாரத்தில்தான் கிளம்புவார்கள்.